வீட்டில் டபுள் ஐபிஏ: ஹாப்ஸ் மணம் கெடாமல் காய்ச்சும் முழுமையான வழிகாட்டி

நான் முதன்முதலாகக் காய்ச்சிய டபுள் ஐபிஏ (ஹாப்ஸும் ஆல்கஹாலும் கூடிய இந்தியா பேல் ஏல் என்ற பியர் வகை), பாட்டிலில் அடைத்த இரண்டாம் வாரம் அருமையாக இருந்தது. நார்த்தங்காய்த் தோலைக் கிள்ளினால் வருமே, அந்த மணம். ஐந்தாம் வாரம் அடுத்த பாட்டிலைத் திறந்தேன். பொன்னிறம் போய்க் கறுப்புத் தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது. மணம் இருந்த இடத்தில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை, கூடவே ஒரு திகட்டும் இனிப்பு. ஹாப்ஸ் (பியருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) போதவில்லை போலிருக்கிறது என்று அடுத்த முறை அரை மடங்கு கூட்டினேன். அதுவும் அப்படியே ஆனது. இருபது வருடமாக வீட்டில் காய்ச்சுகிற ஒரு மூத்த நண்பர் ஒரு மிடறு குடித்துவிட்டு, "ஹாப்ஸ்ல குறை இல்ல தம்பி, காத்து பட்டிருக்கு" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றித்தான் இந்த வழிகாட்டி முழுவதும் போகிறது. டபுள் ஐபிஏவில் ஹாப்ஸைக் கொட்டுவது எளிது. பணம் இருந்தால் யாரும் கொட்டலாம். கொட்டிய மணத்தைக் கோப்பை வரை கொண்டுவந்து சேர்ப்பதுதான் வேலை. அதற்கு இரண்டு விஷயங்கள் வேண்டும்: உடம்பு கனக்காத, இனிப்பு மிஞ்சாமல் நன்றாக வறண்டு முடியும் ஒரு பியர், நொதித்தல் முடிந்த பிறகு ஆக்சிஜன் தொடாத கையாளுதல்.

இந்த வகை பிறந்தது கலிபோர்னியாவில். வின்னி சிலுர்சோ 1994-இல் டெமெக்யூலாவில் பிளைண்ட் பிக் என்ற சிறிய ஆலையைத் தொடங்கியபோது, வழக்கமான ஐபிஏவின் ஹாப்ஸை இரட்டிப்பாக்கி, மால்ட்டையும் கூட்டித் தன் முதல் பியரைக் காய்ச்சினார். பிறகு அவர் ரஷ்யன் ரிவர் ஆலைக்கு வந்தார். ஹேவர்டில் இருக்கும் தி பிஸ்ட்ரோ என்ற மதுக்கூடம் டபுள் ஐபிஏக்களுக்கென்றே ஒரு விழா நடத்த 2000-இல் முடிவு செய்தது. அதற்காக அவர் உருவாக்கிய 8 சதவீத பியர்தான் பிளைனி தி எல்டர். நான் இருக்கும் ஃப்ரீமாண்டிலிருந்து ஹேவர்ட் பக்கத்து ஊர். இங்கே வந்த புதிதில் நல்ல டபுள் ஐபிஏ என்றால் என்னவென்று என் நாக்குக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தப் பியர்தான்.

முதலில் சட்டம்

அமெரிக்காவில் வீட்டுத் தேவைக்குப் பியர் காய்ச்சலாம். 1978 அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டப்படி, வயது வந்தவர் ஒருவர் இருக்கும் வீட்டில் ஆண்டுக்கு 100 கேலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன் வரை வரி இல்லை. விற்கக் கூடாது. மாநிலங்களுக்குத் தனி விதிகள் உண்டு. கடைசியாக மிசிசிப்பியும் அலபாமாவும் 2013-இல்தான் அனுமதித்தன. தமிழ்நாட்டில் உரிமமில்லாமல் மது தயாரிப்பது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அங்கிருந்து படிப்பவர்கள் இதைப் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வேறு நாடுகளில் இருப்பவர்கள் அந்தந்த ஊர் விதியைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

என்னென்ன சாமான்

மூன்று நான்கு முறையாவது சாதாரண பேல் ஏல் காய்ச்சியவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். ஆகவே அடிப்படைச் சாமான்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 40 லிட்டர் கொப்பரை, மாஷ் செய்ய (மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்துச் சர்க்கரை எடுக்க) 38 லிட்டர் கூலர், அடியில் வடிகட்டியும் குழாயும் வைத்தது, செம்புச் சுருள் சில்லர், 28 முதல் 30 லிட்டர் ஃபெர்மென்டர் (நொதிக்கவிடும் பாத்திரம்), அடியில் குழாய் உள்ளது, ஹைட்ரோமீட்டர், கிராம் தராசு, வெப்பமானி. வெப்பநிலையைக் கட்டுப்படுத்த ஒரு பழைய ஃபிரிட்ஜும் அதற்கு ஒரு கன்ட்ரோலரும் வேண்டும்.

கெக் (அழுத்தம் தாங்கும் உலோகப் பீப்பாய்) இல்லாமல் இதைக் காய்ச்சலாமா? காய்ச்சலாம், ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். 19 லிட்டர் கெக் ஒன்று, கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் ஒன்று, ரெகுலேட்டர் ஒன்று. மற்ற எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள். ஸ்டௌட்டும் கோதுமை பியரும் பாட்டிலில் நன்றாகவே இருக்கும். டபுள் ஐபிஏவுக்குத்தான் பாட்டில் பகை.

செய்முறைக் கணக்கு

கொப்பரையில் கொதி முடியும்போது 23 லிட்டர், ஃபெர்மென்டருக்கு 21 லிட்டர், கெக்குக்கு ஏறக்குறைய 18 லிட்டர். இடையில் காணாமல் போகும் 5 லிட்டரை ஹாப்ஸும் ஈஸ்ட் மண்டியும் குடித்துவிடும். இது தெரியாமல் 19 லிட்டரில் தொடங்குகிறவர்கள் கெக்கை முக்கால்வாசிதான் நிரப்புவார்கள்.

ஆரம்ப கிராவிட்டி 1.072, இறுதி கிராவிட்டி 1.010 முதல் 1.012, ஆல்கஹால் 8 சதவீதம், கசப்பு 75 முதல் 80 ஐபியு. கிராவிட்டி என்பது தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, சர்க்கரை எவ்வளவு என்று காட்டும், அதில் 0.001 ஒரு புள்ளி. ஐபியு கசப்பின் அலகு.

மால்ட்:
அமெரிக்க டூ-ரோ பேல் மால்ட் 6.3 கிலோ
மியூனிக் மால்ட் 300 கிராம்
கிரிஸ்டல் 40 மால்ட் 150 கிராம்
டெக்ஸ்ட்ரோஸ் 450 கிராம்

ஹாப்ஸ், எல்லாமே பெல்லட் (பொடித்து அழுத்திய துண்டுகள்). வேர்ல்பூல் என்பது அடுப்பை அணைத்த பிறகு போட்டுச் சுழற்றுவது, டிரை ஹாப் என்பது ஃபெர்மென்டரில் பியருக்குள் நேராகப் போடுவது:
கொலம்பஸ் 40 கிராம், 60 நிமிடக் கொதி
சிம்கோ 30 கிராம், கடைசி 10 நிமிடம்
சென்டென்னியல் 60 கிராம், சிம்கோ 60 கிராம், வேர்ல்பூல்
சிட்ரா 40 கிராம், சிம்கோ 40 கிராம், முதல் டிரை ஹாப்
சிட்ரா 40 கிராம், சென்டென்னியல் 40 கிராம், இரண்டாம் டிரை ஹாப்

ஈஸ்ட்: சாஃப்ஏல் யுஎஸ்-05, 11.5 கிராம் பாக்கெட் இரண்டு.

மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய பார்லி. கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து அரைப்போமே, அதே வித்தைதான். அதில் கிரிஸ்டல் மால்ட்டை 150 கிராமுக்கு மேல் போடாதீர்கள். பழைய செய்முறைகளில் அரை கிலோ வரைகூடப் போட்டிருப்பார்கள். அந்தக் கருகிய சர்க்கரைச் சுவை ஹாப்ஸோடு மல்லுக்கு நிற்கும். நாள் போகப் போக உலர்திராட்சை வாடையாகவும் மாறும்.

டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் சர்க்கரை) எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். மலிவுக்காகச் சேர்ப்பதில்லை. 8 சதவீத ஆல்கஹாலை மால்ட்டிலிருந்து மட்டும் எடுத்தால் பியர் பாயசம் மாதிரி கனத்துவிடும். டெக்ஸ்ட்ரோஸை ஈஸ்ட் மிச்சமில்லாமல் தின்றுவிடும். ஆல்கஹால் ஏறும், உடம்பு ஏறாது. இனிப்பு குறைந்தால்தான் ஹாப்ஸுக்கு இடம் கிடைக்கும்.

மாஷ் செய்ய வசதி இல்லாதவர்கள் 3.7 கிலோ லைட் உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்டும் 700 கிராம் டெக்ஸ்ட்ரோஸும் எடுத்துக்கொள்ளலாம். 23 லிட்டரில் 1.070 வரும். எக்ஸ்ட்ராக்ட் கொஞ்சம் இனிப்போடு முடியும், அதனால்தான் டெக்ஸ்ட்ரோஸைக் கூட்டியிருக்கிறேன்.

ஹாப்ஸ் வாங்கும்போது பாக்கெட்டில் அறுவடை ஆண்டைப் பாருங்கள். வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா பள்ளத்தாக்கில்தான் அமெரிக்க ஹாப்ஸின் பெரும்பகுதி விளைகிறது. ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி செப்டம்பரில் அறுவடை. காற்று நீக்கி அடைத்த பாக்கெட்டை ஃப்ரீசரில் வைத்தால் ஒரு வருடம் தாங்கும். திறந்ததும் முகருங்கள். சிம்கோ என்றால் பைன் பிசினும் பேஷன் பழமும், சிட்ரா என்றால் மாம்பழமும் எலுமிச்சையும், சென்டென்னியல் என்றால் பூவும் நார்த்தையும் வர வேண்டும். பாலாடைக்கட்டி வாடை வந்தால் குப்பையில் போடுங்கள், மனசு வலித்தாலும்.

தண்ணீர்

ஐபிஏவின் கதையே ஒரு வகையில் தண்ணீர்க் கதைதான். லண்டனில் ஹாட்ஜ்சன் காய்ச்சிய பேல் ஏல்கள் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் கல்கத்தாவுக்கும் மதராஸுக்கும் வந்தன. 1820-களில் பர்டன்-அபான்-டிரென்ட் ஊரின் ஆலைகள் அந்தச் சந்தைக்குள் நுழைந்தன. பர்டன் கிணறுகளில் ஜிப்சம் அதிகம். அதில் காய்ச்சிய பியரின் கசப்பு மொரமொரப்பாக, சுத்தமாக நின்றது. சல்ஃபேட் செய்யும் வேலை அது.

நான் ஆர்ஓ தண்ணீரில் தொடங்குகிறேன், 34 லிட்டர். அதில் ஜிப்சம் 12 கிராம், கால்சியம் குளோரைடு 4 கிராம். இது சல்ஃபேட்டை 200 பிபிஎம் அருகிலும் குளோரைடை 55 பிபிஎம் அருகிலும் கொண்டுவரும். மாஷின் பிஎச் 5.3 இருக்க வேண்டும். 88 சதவீத லாக்டிக் அமிலம் 2 மில்லி போதும், அளந்துவிட்டு வேண்டுமானால் இன்னும் சில சொட்டு. குழாய்த் தண்ணீர்தான் என்றால் அரை கேம்ப்டன் மாத்திரையை நசுக்கிக் கலந்து குளோரினையும் குளோரமைனையும் போக்குங்கள். போக்காவிட்டால் மருந்துக்கடை வாடை வரும், பிறகு எதுவும் செய்ய முடியாது. உங்கள் ஊர்த் தண்ணீரில் ஏற்கெனவே உப்புகள் அதிகம் என்றால் என் அளவுகளை அப்படியே போடாதீர்கள். தண்ணீர் வாரியத்தின் ஆண்டறிக்கையைப் பார்த்துக் கழித்துக்கொள்ளுங்கள்.

மாஷ்

20 லிட்டர் தண்ணீரை 72 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கிக் கூலரில் ஊற்றி, அரைத்த மால்ட்டைக் கட்டி விழாமல் கிளறுங்கள். கேழ்வரகுக் கூழ் கிண்டத் தெரிந்த கைக்கு இது பெரிய விஷயம் இல்லை. கலவை 65 டிகிரியில் வந்து நிற்க வேண்டும். மூடி 75 நிமிடம் விட்டுவிடுங்கள்.

இந்த 65 முக்கியம். மாவுச்சத்தை வெட்டும் நொதிகளில் பீட்டா அமிலேஸ் இந்தச் சூட்டில் நன்றாக வேலை செய்து, ஈஸ்ட் தின்னக்கூடிய சிறிய சர்க்கரைகளை நிறையத் தரும். 68, 69-க்குப் போனால் ஈஸ்ட் தொடாத பெரிய சர்க்கரைகள் மிஞ்சி, பியர் 1.018-இல் நின்றுவிடும். அப்புறம் எத்தனை ஹாப்ஸ் போட்டாலும் கனமாகத்தான் இருக்கும். ஒரு டிகிரி குறைந்தால் கவலை வேண்டாம், கூடினால் உடனே கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் விட்டு இறக்குங்கள்.

பிறகு முதல் வோர்ட்டை, அதாவது மால்ட்டின் இனிப்புச் சாற்றை, வடித்துவிட்டு, மீதி 14 லிட்டரை 76 டிகிரியில் ஊற்றிக் கிளறி, பத்து நிமிடம் கழித்து மறுபடி வடியுங்கள். கொப்பரையில் 27 லிட்டர், 1.055 கிராவிட்டி அருகில் கிடைக்க வேண்டும். இத்தனை மால்ட் போடும்போது சாறு இறங்குவது வழக்கத்தைவிடக் குறையும். 1.050-தான் வந்தது என்றால் கொஞ்சம் உலர் எக்ஸ்ட்ராக்ட் சேருங்கள். ஒவ்வொரு 200 கிராமுக்கும் ஏறக்குறைய 3 புள்ளி ஏறும். இதில் கௌரவம் பார்க்க ஒன்றுமில்லை.

கொதி

நுரை பொங்கும் நேரத்தில் பக்கத்திலேயே நில்லுங்கள். நுரை அடங்கிக் கொதி சீரானதும் கொலம்பஸ் 40 கிராம், அங்கிருந்து 60 நிமிடம். கசப்பின் முதுகெலும்பு இதுதான். ஹாப்ஸில் உள்ள ஆல்ஃபா அமிலங்கள் கொதியில்தான் கரையும் வடிவத்துக்கு மாறும். அவற்றில் ஓரளவுக்கு மேல் பியர் தாங்காது, 100 ஐபியுவைத் தாண்டிக் கணக்கில் ஏறுவது கோப்பையில் ஏறுவதில்லை. 120 ஐபியு என்று கணிப்பான் காட்டுவதற்காகக் கொதியில் கூடுதலாகக் கொட்டுவது வீண், பச்சை இலை வாடைதான் வரும்.

கடைசி 15 நிமிடத்தில் சில்லரைக் கொப்பரைக்குள் இறக்குங்கள், கொதியிலேயே அது சுத்தமாகிவிடும். அடுப்பை அணைத்து டெக்ஸ்ட்ரோஸைக் கரைத்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள். அணைக்காமல் கொட்டினால் அடிப்பிடிக்கும். 10 நிமிடம் இருக்கும்போது சிம்கோ 30 கிராம்.

அடுப்பை அணைத்ததும் சில்லரில் தண்ணீர் விட்டு 80 டிகிரிக்கு இறக்கி நிறுத்துங்கள். இப்போது வேர்ல்பூல் ஹாப்ஸ் 120 கிராமும் ஒரே தடவையாக. கரண்டியால் ஒரே திசையில் சுழற்றிவிட்டு மூடி 25 நிமிடம். ஏன் 80? அதற்கு மேலே கசப்பு வேகமாக ஏறிக்கொண்டே இருக்கும், மணத்தைத் தாங்கும் எண்ணெய்களும் ஆவியோடு போய்விடும். 80-இல் கசப்பு மெதுவாகிறது, எண்ணெய் தங்குகிறது. சமையலறை முழுவதும் மணக்கிற மணம் உங்கள் பியரிலிருந்து போகிற மணம் என்று நினைத்துக்கொண்டு மூடியைத் திறக்காமல் இருங்கள்.

நாய் வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹாப்ஸ் நாய்களுக்கு விஷம். உடல் சூடு கட்டுக்கடங்காமல் ஏறிச் சாகக்கூடும். கொதித்து முடித்த சக்கையும் அப்படித்தான். தோட்டத்தில் கொட்டாதீர்கள், பையில் கட்டி மூடியுள்ள குப்பைத்தொட்டியில் போடுங்கள்.

நொதித்தல்

இனிமேல் வோர்ட்டைத் தொடும் எல்லாமே ஸ்டார் சான் என்ற கிருமிநீக்கிக் கரைசலில் நனைந்திருக்க வேண்டும். லிட்டருக்கு ஒன்றரை மில்லி. 18 டிகிரிக்குக் குளிரவைத்து, அடி மண்டியை விட்டுவிட்டு 21 லிட்டரை ஃபெர்மென்டருக்கு மாற்றுங்கள். உயரத்திலிருந்து சளசளவென விழட்டும். மொத்தக் காய்ச்சலிலும் காற்று படலாம் என்று நான் சொல்லும் இடம் இது ஒன்றுதான். திரவ ஈஸ்ட் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்த ஆக்சிஜன் கட்டாயம், அவர்கள் ஸ்டார்ட்டரும் (ஈஸ்ட்டை முன்கூட்டியே கொஞ்சம் வோர்ட்டில் பெருக்குவது) செய்ய வேண்டும். உலர் ஈஸ்ட் அந்த அளவுக்குக் கேட்பதில்லை, ஆனால் ஒரு பாக்கெட் போதாது. இத்தனை சர்க்கரைக்கு இரண்டு வேண்டும்.

முதல் நான்கு நாள் 18, 19 டிகிரி. இங்கே சூடு ஏறினால் ஸ்பிரிட் மாதிரி எரிச்சலான ஆல்கஹால் வரும், அது எத்தனை மாதமானாலும் போகாது. பியரின் சூட்டைப் பாருங்கள், அறையின் சூட்டை அல்ல. வேகமாக நொதிக்கும்போது உள்ளே சில டிகிரி கூடுதலாக இருக்கும். நுரை நிறைய எழும் என்பதால் சாதாரண ஏர்லாக் (வாயுவை வெளியே மட்டும் விடும் அடைப்பான்) வேண்டாம், தடிமனான குழாய் ஒன்றை மூடியிலிருந்து தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் விடுங்கள்.

நான் செய்யும் ஒரு காரியத்தை இங்கே சொல்கிறேன். 21 லிட்டர் வோர்ட் நொதிக்கும்போது 600 லிட்டருக்கும் மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். அதை ஏன் வீணாக்க வேண்டும்? இரண்டாம் மூன்றாம் நாள் நுரை தணிந்ததும், அந்தக் குழாயைச் சுத்தம் செய்து வைத்த காலிக் கெக்கின் திரவ முனையில் மாட்டி, வாயு முனையிலிருந்து இன்னொரு குழாயைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் விடுகிறேன். மீதி நாட்களில் கெக்கில் இருந்த காற்றையெல்லாம் பியரே தள்ளிவிடும். சிறிய அலமாரிக்குள் ஃபெர்மென்டர் வைத்திருந்தால் கதவைத் திறந்து காற்றோட்டம் விடுங்கள், இந்த வாயு மூடிய இடத்தில் ஆபத்தானது.

ஐந்தாம் நாள் வாக்கில் 20, 21 டிகிரிக்கு ஏற்றுங்கள். கிராவிட்டி 1.016 அருகில் வரும்போது முதல் டிரை ஹாப்.

டிரை ஹாப்

எத்தனை போடுவது? ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் லாஃபான்டெய்னும் ஷெல்ஹாமரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. கேஸ்கேட் ஹாப்ஸை வெவ்வேறு அளவுகளில் போட்டுச் சுவைத்துப் பார்த்தார்கள். லிட்டருக்கு 8 கிராமைத் தாண்டினால் மணம் அதற்கேற்றபடி கூடவில்லை, மணத்தின் தன்மை மூலிகை, தேயிலைப் பக்கம் சாய்ந்தது. ஆகவே என் கணக்கு 20 லிட்டருக்கு 160 கிராம். அதற்கு மேல் வாங்கும் பணத்தை அடுத்த காய்ச்சலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது போடுவது என்பதில் ஆளுக்கொரு கருத்து. நான் இரண்டாகப் பிரிக்கிறேன். முதல் 80 கிராமை நொதித்தல் வாலில், இன்னும் நாலைந்து புள்ளி இறங்க வேண்டியிருக்கும்போது போடுகிறேன். மூடியைத் திறக்கும்போது நுழையும் கொஞ்ச ஆக்சிஜனை உயிரோடு வேலை செய்யும் ஈஸ்ட் தின்றுவிடும். மூன்று நாள் கழித்து இரண்டாம் 80 கிராம். இம்முறை ஈஸ்ட் ஓய்ந்திருக்கும், அதனால் சிலிண்டரிலிருந்து வாயுவைப் பியருக்கு மேலே உள்ள காலி இடத்துக்குள் மெதுவாக விட்டுக்கொண்டே மூடியைத் திறந்து, கொட்டி, மூடுகிறேன். மொத்தம் பத்து நொடி. ஹாப்ஸை முன்கூட்டியே அளந்து கிண்ணத்தில் வைத்திருக்க வேண்டும். திறந்து வைத்துவிட்டுத் தராசைத் தேடக் கூடாது. பைக்குள் கட்டிப் போடுவதைவிட நேராகக் கொட்டுவதே நல்லது. பைக்குள் பெல்லட் ஊதிக் கட்டியாகி, நடுவில் இருப்பது நனையாமலேயே கிடக்கும்.

மணத்துக்காக மட்டும் என்றால் ஐந்து, ஆறு நாளுக்கு மேல் ஹாப்ஸ் மீது பியர் இருக்க வேண்டியதில்லை. எண்ணெய் முதல் இரண்டு நாளிலேயே பெரும்பாலும் இறங்கிவிடும்.

இப்போது பலர் கோட்டைவிடும் இடம். டிரை ஹாப் போட்ட பிறகு, முடிந்துவிட்டது என்று நினைத்த கிராவிட்டி மறுபடி இறங்கத் தொடங்கும். ஹாப்ஸிலேயே மாவுச்சத்தை வெட்டும் நொதிகள் கொஞ்சம் உண்டு. ஈஸ்ட் தின்ன முடியாமல் விட்ட சர்க்கரைகளை அவை வெட்டிக்கொடுக்க, ஈஸ்ட் மறுபடி எழும். 1893-லேயே பிரௌன், மாரிஸ் என்ற இரண்டு ஆங்கில வேதியியலாளர்கள் இதை எழுதிவைத்தார்கள். நூறு வருடத்துக்கும் மேல் கழித்துத்தான் ஹாப் கிரீப் என்று பெயர் வைத்து மறுபடி பேசுகிறோம். இது நடக்கும்போது டையசெட்டில் என்ற பொருள் உண்டாகி வெண்ணெய் வாடை தரும். பாட்டிலில் அடைத்த பிறகு நடந்தால் பாட்டில் வெடிக்கலாம்.

ஆகவே இரண்டாம் டிரை ஹாப் போட்ட மூன்றாம் நாளிலிருந்து கிராவிட்டி பாருங்கள். இரண்டு நாள் இடைவெளியில் ஒரே எண் வர வேண்டும். அதோடு ஒரு சின்னச் சோதனை: அரை டம்ளர் பியரை மூடியுள்ள ஜாடியில் ஊற்றி, 60 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் வைத்து, ஆறவைத்து முகருங்கள். சூடாக்காத இன்னொரு டம்ளரோடு ஒப்பிடுங்கள். வெண்ணெய் வாடை அடித்தால் 20 டிகிரியிலேயே இன்னும் இரண்டு நாள் விடுங்கள், ஈஸ்ட் தானே துடைத்துவிடும். அவசரப்பட்டுக் குளிரவைத்தால் அந்த வாடை கெக்கிலேயே தங்கிவிடும்.

குளிரவைத்தலும் கெக்கும்

சோதனை தேறியதும் 3 டிகிரிக்கு இறக்கி இரண்டு நாள். ஹாப்ஸ் துகளும் ஈஸ்டும் அடியில் படியும். குளிரும்போது உள்ளே இருக்கும் வாயு சுருங்கி வெளியிலிருந்து காற்றை இழுக்கும். என் முதல் இரண்டு காய்ச்சலையும் கெடுத்தவற்றில் இதுவும் ஒன்று என்று இப்போது புரிகிறது. ஏர்லாக்கைக் கழற்றிவிட்டு, கார்பன் டை ஆக்சைடு நிரப்பிய ஒரு பெரிய பலூனையோ, மிகக் குறைந்த அழுத்தத்தில் சிலிண்டரையோ இணைத்து வையுங்கள். பிளாஸ்டிக் ஃபெர்மென்டர் என்றால் சிலிண்டர் அழுத்தம் 1 பிஎஸ்ஐக்கு மேல் போகக் கூடாது.

பியரே வாயு நிரப்பிய கெக் கையில் இருந்தால் நேராக மாற்றலாம். இல்லையென்றால் கெக்கை விளிம்பு வரை ஸ்டார் சான் கரைசலால் நிரப்பி, மூடி, சிலிண்டர் வாயுவால் கடைசிச் சொட்டு வரை தள்ளுங்கள். உள்ளே காற்று நுழைய இடமே இராது.

ஃபெர்மென்டரை மேசை மீதும் கெக்கைத் தரையிலும் வையுங்கள். ஃபெர்மென்டர் குழாயிலிருந்து ஒரு ஹோஸ் கெக்கின் திரவ முனைக்கு. கெக்கின் வாயு முனையிலிருந்து இன்னொன்று ஃபெர்மென்டர் மூடிக்கு. கெக்கில் உள்ள அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றிவிட்டு இணைத்துக் குழாயைத் திறந்தால், பியர் தன் எடையிலேயே கீழே இறங்கும், கெக்கில் இருந்த வாயு மேலே போய் அதன் இடத்தை நிரப்பும். எங்குமே வெளிக்காற்று இல்லை. இருபது, முப்பது நிமிடம் ஆகும். ஹாப்ஸ் துகள் வந்து முனையை அடைத்துக்கொள்வது உண்டு. கழற்றிக் கழுவி மறுபடி மாட்டுங்கள். அவசரத்தில் கெக்கின் மூடியைத் திறந்து மேலிருந்து ஊற்றிவிடாதீர்கள். பதினைந்து நாள் உழைப்பு அந்த ஒரு நிமிடத்தில் போகும்.

கெக்கில் 0.3 கிராம் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட்டை முன்பே போட்டுவைப்பது என் வழக்கம். தப்பி நுழைந்த ஆக்சிஜனை அது பிடித்துக்கொள்ளும். சல்ஃபைட் ஒத்துக்கொள்ளாதவர்கள் வீட்டில் இருந்தால் இதை விட்டுவிடுங்கள்.

ஃபிரிட்ஜில் 3 டிகிரி, 12 பிஎஸ்ஐ, ஒரு வாரம் முதல் பத்து நாள். கெக்கை ஆட்டி ஒரே நாளில் வாயு ஏற்றும் குறுக்குவழி இருக்கிறது, ஆனால் படிந்ததெல்லாம் மறுபடி கலங்கும். முதல் கோப்பை மண்டியாக வரும், அதைக் கீழே விடுங்கள்.

பாட்டில்தான் வழி என்றால், 18 லிட்டருக்கு 120 கிராம் டெக்ஸ்ட்ரோஸைக் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆறவைத்துச் சேர்த்து, பாட்டிலின் அடிவரை போகும் குழாயால் நிரப்புங்கள். கழுத்தில் இடம் கொஞ்சமாகவே இருக்கட்டும், மூடி போடும் முன் நுரை விளிம்பைத் தொட வேண்டும். கிராவிட்டி நின்றுவிட்டதை இருமுறை உறுதி செய்யாமல் அடைக்காதீர்கள். அறை வெப்பத்தில் இரண்டு வாரம், உடனே ஃபிரிட்ஜ், ஒரு மாதத்துக்குள் குடித்துவிடுங்கள்.

கோப்பையில்

பனிக்கட்டி மாதிரி குளிர்ந்த கண்ணாடியில் ஊற்றாதீர்கள். 7, 8 டிகிரியில், வாய் குறுகிய கோப்பையில், பாதிக்குக் கொஞ்சம் மேலே. முதலில் மணம்: நார்த்தைத் தோல், மாம்பழம், பிறகு பைன் பிசின். குடித்ததும் ஒரு நொடி மால்ட்டின் இனிப்பு, உடனே கசப்பு வந்து அதைத் துடைத்துவிட்டு நாக்கை வறட்ட வேண்டும். வறட்டாமல் நாக்கில் ஒட்டினால் மாஷ் சூடு ஏறியிருக்கிறது, அல்லது ஈஸ்ட் முடிக்கவில்லை. தொண்டையில் எரிந்தால் நொதித்தல் சூடு. மணமே இல்லாமல் இனிப்பு மட்டும் என்றால் காற்று.

8 சதவீதம் என்பது சாதாரண லாகரைவிட ஏறக்குறைய இரு மடங்கு. அது நாக்கில் தெரியாது. வந்தவர்கள் வண்டி ஓட்டிக்கொண்டு போக வேண்டியவர்கள் என்றால் முன்கூட்டியே எண்ணைச் சொல்லிவிடுங்கள், சின்னக் கோப்பையில் கொடுங்கள்.

கெக்கின் கழுத்தில் நிரப்பிய தேதியை எழுதி ஒட்டிவைக்கிறேன். வாரம் ஒருமுறை இரண்டு விரல் அளவு ஊற்றி, வெளிச்சத்தில் நிறம் பார்த்து, மணத்தைக் குறித்துக்கொள்கிறேன். போன காய்ச்சலில் ஆறாம் வாரம்தான் சிட்ராவின் மாம்பழம் லேசாக இறங்கியது, நிறம் எட்டாம் வாரம் வரை மாறவில்லை. ஒன்பதாம் வாரத்துக்குக் கெக்கில் எதுவும் மிஞ்சவில்லை.